முழங்கையில் விழுந்த இடைவெளி: நான் சரிசெய்த விதம்

அனிமேஷனுக்காக என்னிடம் வந்த, இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்த கதாபாத்திரம் நிற்கும்போது அழகாகத்தான் இருந்தது. படத்தை அசைய வைக்கும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் கையை மடக்கியதும் முழங்கையில் இடைவெளி விழுந்தது. மேல்கையும் முன்கையும் ஒரே கோட்டில் நேராக வெட்டப்பட்டிருந்ததுதான் காரணம்.

இரண்டு துண்டுகளின் முனையையும் அரைவட்டமாக நீட்டி, ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி வைத்தேன். இரண்டு வட்டத்துக்கும் ஒரே அளவு, ஒரே மையம் இருக்க வேண்டும். இதில் கொஞ்சம் பிசகினாலும் மடக்கும்போது ஓரம் துருத்திக்கொண்டு தெரியும். முன்கை சுழலும் புள்ளியான ஆங்கர் பாயின்ட்டும் அதே மையத்தில்தான். வெளிக்கோடு இல்லாத தட்டையான படத்துக்கு இது போதும், எந்தப் பக்கம் திருப்பினாலும் மூட்டு உருண்டையாகவே நிற்கும். எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது.

அப்புறம் லேயர்கள், அதாவது படத்தின் அடுக்குகள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மேல்மட்ட லேயர்களை மட்டுமே தனித்தனியாக எடுத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் குரூப்புகள் ஒட்டிக்கொண்டே வரும். அதனால் இல்லஸ்ட்ரேட்டரிலேயே, குரூப்பைத் தனி லேயர்களாகப் பிரிக்கும் 'ரிலீஸ் டு லேயர்ஸ் (சீக்வென்ஸ்)' கொடுத்து, பிரிந்தவற்றை மேல்மட்டத்துக்கு இழுத்து, 'இடது முன்கை' என்பதுபோலப் பெயர் வைத்தேன். கோப்பை ஆஃப்டர் எஃபெக்ட்ஸில், லேயர்கள் தனித்தனியாக இருக்கும் காம்போசிஷனாக, லேயர் அளவுகளைத் தக்கவைத்தே இம்போர்ட் செய்தேன். பெரிதாக்கும்போது விளிம்பு மங்கினால் 'கன்டினியூஸ்லி ராஸ்டரைஸ்' சுவிட்சைப் போட்டால் சரி.