எம்.ஜி.பி. காரின் ஸ்டியரிங் ராக்கைக் கழற்றி மாட்டும் முறை

இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்டியரிங் ராக்கை, அதாவது வீலின் சுழற்சியைப் பக்கவாட்டு அசைவாக்கி முன் சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டத் தொகுதியை, கழற்றுவது கடினமான வேலை அன்று; திரும்ப மாட்டும்போது அதை ஸ்டியரிங் தண்டுடன் சரியான நேர்கோட்டில் அமர்த்துவதில்தான் முழுக் கவனமும் தேவைப்படுகிறது. இந்தப் பகுதியை அவசரமாக முடித்துவிட்டால், புது ராக் போட்ட பிறகும் ஸ்டியரிங் கனமாகவே இருக்கும்; ஸ்டியரிங் தண்டை ராக்குடன் இணைக்கும் யுனிவர்சல் ஜாயிண்ட்டும் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

கழற்றுவதற்கு முன், பழுது ராக்கில்தான் இருக்கிறது என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இரு பக்கமும் சிறிது சிறிதாக ஆட்ட, மற்றொருவர் டை ராட் எண்டுகளிலும் (ராக்கைச் சக்கரங்களுடன் இணைக்கும் கம்பிகளின் முனைகள்) யுனிவர்சல் ஜாயிண்ட்டிலும் கை வைத்துப் பார்த்தால், ஆட்டம் எங்கே இருக்கிறது என்பது விரலிலேயே தெரியும். ராக்கின் ரப்பர் பூட் கிழிந்து ஆயில் வழிந்திருந்தால் உள்ளே தூசியும் நீரும் போயிருக்கும் என்பதால், அதைக் கழற்றிப் பார்ப்பதே நல்லது.

காரின் முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகு முன் சக்கரங்களைக் கழற்றவும். வெறும் ஜாக்கை நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் படுக்கக் கூடாது. டை ராட் எண்டு காரில் பிடித்திருக்கும்போதே அதன் லாக் நட்டைத் தளர்த்திவிடுவது எளிது. பிறகு பால் ஜாயிண்ட் நட்டைக் கழற்றி, அதற்கான புல்லரால் முனையை, சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் ஆர்மிலிருந்து விடுவிக்கவும். புல்லர் இல்லையென்றால், ஆர்மின் வளையத்தில் ஒரு பக்கம் கனமான சுத்தியலை அண்டக் கொடுத்து மறுபக்கம் இன்னொரு சுத்தியலால் தட்டினால் பிடி விடும். மரையின் மீது மட்டும் அடிக்கக் கூடாது. டை ராட் எண்டையும் ராடிலிருந்து கழற்றுவதாக இருந்தால், எத்தனை சுற்றில் வெளியே வந்தது என்பதைப் பக்கவாரியாகக் குறித்துக்கொள்ளவும்.

அடுத்து, யுனிவர்சல் ஜாயிண்ட்டைப் பினியன் தண்டுடன் (ராக்கை நகர்த்தும் சிறு பற்சக்கரத்தின் தண்டு) இறுக்கும் போல்ட் ஸ்பேனருக்கு எட்டும் நிலைக்கு வரும்வரை ஸ்டியரிங்கைத் திருப்பவும். அந்தப் போல்ட் பினியன் தண்டில் வெட்டியுள்ள பள்ளத்தின் வழியாகச் செல்வதால், தளர்த்தினால் மட்டும் போதாது, முழுவதுமாக வெளியே எடுக்க வேண்டும். இதை அறியாமல் ஜாயிண்ட்டைக் கடப்பாரையால் நெம்பிக் கெடுத்தவர்கள் உண்டு. பின்னர் ராக்கை முன் கிராஸ் மெம்பரின் (காரின் குறுக்குச் சட்டம்) பிராக்கெட்டுகளுடன் இணைக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, ராக்கைக் கீழ்நோக்கி இறக்கவும். ராக்குக்கும் பிராக்கெட்டுக்கும் இடையே மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கக்கூடும். எது எந்தப் போல்ட்டின் இடத்திலிருந்து வந்தது என்பதை அப்போதே எழுதி, தனித்தனியாகக் கட்டி வைக்கவும்.

மாட்டுவதற்கு முன் ராக்கை நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். பினியனை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெதுவாகச் சுற்றி, மொத்தச் சுற்றுகளில் பாதியில் நிறுத்தினால் அதுவே நடு. ஸ்டியரிங் வீலையும் நேராக வைத்துக்கொண்டு, பினியன் தண்டை ஜாயிண்ட்டின் பற்களில் செருகி, எல்லாப் போல்ட்டுகளையும் தளர்வாகவே கோர்க்கவும்.

பினியனின் மையக்கோடும் ஸ்டியரிங் தண்டின் மையக்கோடும் ஜாயிண்ட்டின் நடுவில் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும் என்பதே இங்குள்ள விதி. ஜாயிண்ட்டை எடுத்துவிட்டு, இரு தண்டுகளிலும் கூர்முனை கொண்ட அளவுக் குழல்களைச் செருகிப் பார்த்தால், கூர்கள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்பது தெளிவாகத் தெரியும். தொடாவிட்டால், டாஷ்போர்டுக்கு அடியிலும் கால் பலகையிலும் தண்டின் உறையைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி உறையை நகர்த்திச் சரிசெய்யவும். அதன் பின் ராக்குக்கும் ஏதேனும் ஒரு பிராக்கெட்டுக்கும் இடையே இடைவெளி தெரிந்தால் அதை ஷிம் கொண்டு நிரப்ப வேண்டுமே தவிர, போல்ட்டை முறுக்கி இழுத்து மூடக் கூடாது. அப்படிச் செய்தால் ராக்கின் உறை வளைந்து உள்ளே பிடிக்கும். வேறு ராக்கை மாட்டுகிறவர்கள் பழைய ஷிம்களே பொருந்தும் என்று எண்ணாமல் புதிதாக அளந்து பார்க்கவும்.

எல்லாவற்றையும் இறுக்கிய பிறகு, டை ராடுகளை ஆர்ம்களுடன் இணைக்கும் முன்பே ஸ்டியரிங்கை முனைக்கு முனை விரலால் சுற்றிப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் வீலின் ஒரே நிலையில் இறுகி, பிறகு இளகினால் நேர்கோடு இன்னும் அமையவில்லை என்று பொருள். பொறுமையாக மீண்டும் தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

டை ராட் எண்டுகளைக் குறித்துவைத்த அதே சுற்றுகளுக்கு ஏற்றி, பால் ஜாயிண்ட் முனையைத் துடைத்து உலர்ந்த நிலையில் பொருத்தவும். ஒருமுறை கழற்றிய நைலான் நட்டுகளை மறுபடி பயன்படுத்தாமல் புதியவற்றையே போடவும். கடைசியாக, முன் சக்கரங்களின் டோ-இன் (சக்கரங்களின் முன்விளிம்புகள் பின்விளிம்புகளைவிட உள்நோக்கி நெருங்கியிருக்கும் அளவு) 1/16 முதல் 3/32 அங்குலம், அதாவது 1.5 முதல் 2.3 மில்லிமீட்டர் வரை, இருக்குமாறு அலைன்மென்ட் செய்யவும். திருத்தும்போது இரு டை ராடுகளையும் சம அளவில் திருப்ப வேண்டும்; பூட்டின் சிறிய கிளிப்பை முன்கூட்டியே தளர்த்திவைத்தால் ரப்பர் முறுக்கிக்கொள்ளாது.