செல்லப்பிராணிச் சிரிப்புக் கதை: எங்கெல்லாம் சறுக்குகிறது?

நாயோ பூனையோ இருந்தால் போதும், குழந்தை தானாகச் சிரிக்கும் என்று நம்பித்தான் நானும் முதல் படக்கதையை எழுதினேன். வாசித்துக் காட்டியபோது எதிரே இருந்த நான்கு வயதுக்காரர் கொட்டாவி விட்டார்.

தவறு எங்கே என்று அப்புறம்தான் பிடிபட்டது. "பூனை மேசை மேல் ஏறியது. பூச்சாடியைத் தள்ளியது. சாடி உடைந்தது" என்று எழுதியிருந்தேன். படத்திலும் அதேதான். ஒரே செய்தியை இரண்டு முறை சொன்னால் யார் சிரிப்பார்கள்? எழுத்தில் "எங்கள் பூனை ரொம்ப சாது" என்று மட்டும் இருந்து, படத்தில் சாடி அந்தரத்தில் கவிழ்ந்துகொண்டிருந்தால் கதையே வேறு. எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தை படத்தைத்தான் படிக்கிறது. வாசிக்கிற பெரியவர் "சாது" என்கிறார். அவருக்குத் தெரியாதது தனக்குத் தெரிந்துவிட்ட குஷியில் "இல்லை, பொய்!" என்று அது கத்தும். படம் சொல்லிவிட்டதை எழுத்திலிருந்து தயங்காமல் அடித்துவிடுங்கள்.

அடுத்தது பக்கம் புரட்டுவது. பெரிய தாள்களை அச்சிட்டு மடித்து வெட்டுவதால் படக்கதைகள் பெரும்பாலும் 32 பக்கங்களில் அமைகின்றன. தலைப்பு, பதிப்பு விவரம் போக, கதைக்கு 12 முதல் 14 இரட்டைப் பக்கங்கள் (புத்தகத்தை விரித்தால் ஒன்றாகத் தெரியும் இடப்பக்கமும் வலப்பக்கமும்) கிடைத்தால் அதிகம். நாய் குளியல் தொட்டியைப் பார்க்கிற காட்சியும் வீடெல்லாம் நுரையாகிற காட்சியும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தால், கண் முந்திக்கொண்டு ஓடிவிடும். வலப்பக்கத்தில் ஆவலைக் கிளப்பிவிட்டு, விடையைப் புரட்டியபின் வையுங்கள். நாயின் முகம் நடு மடிப்பில் விழுந்து நசுங்காமல் ஓவியரிடம் முன்பே சொல்லிவிடுவதும் நல்லது.

நாய்க்குக் கண்ணாடியும் டையும் மாட்டி அலுவலகம் அனுப்பினால் அது நாய் வேடம் போட்ட மனிதர், அவ்வளவுதான். தப்பில்லை; ஆனால் உண்மையான பிராணியே அதைவிட வேடிக்கையானது. படுப்பதற்கு முன் நாய் சுற்றிச் சுற்றி வரும். தனக்குப் போதாத அட்டைப்பெட்டிக்குள் பூனை தன்னைத் திணித்துக்கொள்ளும். தாவும்போது தவறி விழுந்தால், ஒன்றுமே நடக்காததுபோல் உடம்பை நக்க ஆரம்பிக்கும். இதையெல்லாம் கற்பனையில் பிடிக்க முடியாது, உட்கார்ந்து கவனிக்க வேண்டும்.

நான் கறாராக இருக்கும் இடம் ஒன்று உண்டு. புத்தகத்தில் பார்த்ததைக் குழந்தை வீட்டில் செய்து பார்க்கும். முயலைக் காதைப் பிடித்துத் தூக்குவது, நாய்க்குச் சாக்லேட்டோ திராட்சையோ ஊட்டுவது போன்றவை படத்தில் வேடிக்கை, நிஜத்தில் ஆபத்து. அந்த இரண்டு தின்பண்டங்களும் நாய்க்கு நஞ்சு. நாய் பல்லைக் காட்டினால் "சிரிக்கிறது" என்று எழுதுவதும் அப்படித்தான். பல நேரம் அது "கிட்டே வராதே" என்கிற எச்சரிக்கை. அடி வாங்குவது, நனைவது, வழுக்கி விழுவது எல்லாம் வளர்ப்பவருக்கே நடக்கட்டும். பெரியவர்கள் அவமானப்படுவதைப் பார்க்கக் குழந்தைகளுக்கு அலுப்பதே இல்லை.

எதுகைக்காக வாக்கியத்தை முறுக்க வேண்டாம். சத்தமாக வாசித்தால் நாக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசிப் பக்கத்தில் "ஆகவே குழந்தைகளே" என்று ஆரம்பிக்கும் வரியும் வேண்டாம். குளித்து முடித்த நாய், திறந்திருக்கும் கதவு, வெளியே ஒரு சேற்றுக் குட்டை. எழுத்தே இல்லாமல் அந்தப் படத்தோடு விட்டுவிடலாம்.