பேர் தெரியாத பட்டாள ஓவியத்தை எப்படி படிக்கிறது? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

18-ம் நூற்றாண்டு பிரிட்டிஷ் ஆயில் பெயின்டிங் நெட்ல பாத்திருப்பீங்க, சிவப்பு கோட்டு போட்டு ஒருத்தர் நிப்பாரு, வரைஞ்சவர் பேரும் இருக்காது அவர் பேரும் இருக்காது, கீழ "ஒரு ஆபீசர்"னு மட்டும் போட்டிருக்கும். இந்த மாதிரி படத்தை அப்படியே கடந்து போக எனக்கு மனசு வராது. ஆள் யாருன்னு கடைசி வரைக்கும் தெரியாம போகலாம், ஆனா எந்தக் காலத்து ஆளுன்னு அந்த கோட்டே சொல்லிடும்.

முதல்ல முகத்தை விட்டுருங்க. முகஜாடைய வச்சு தேடினா யார் மாதிரி வேணும்னாலும் தெரியும். நல்ல தெளிவான போட்டோ எடுத்து பட்டன்ல ஜூம் பண்ணுங்க. ரெஜிமென்ட் (படைப்பிரிவு) நம்பரை பட்டன்ல போடணும்னு பிரிட்டிஷ் பட்டாளத்துல உத்தரவு வந்தது 1767-ல, அதனால நம்பர் தெரிஞ்சா படம் அதுக்கு அப்புறம்தான். நம்பர் இல்லன்னா பழசுன்னு முடிவு கட்டிடாதீங்க, ஓவியர் ஒரு வெள்ளைப் புள்ளி வச்சிட்டு அடுத்த பட்டனுக்குப் போயிருப்பாரு.

அடுத்து காலர், கைமடிப்பு, மார்ல திருப்பி விட்ட பட்டை, இதோட கலர். இதுக்கு ஃபேசிங்னு பேரு. சிவப்பு கோட்டுல நீலம்னா பெரும்பாலும் ராயல் ரெஜிமென்ட், அதாவது "ராயல்"ங்கிற பட்டம் இருந்த படைப்பிரிவு. மஞ்சளும் பச்சையும் நிறைய ரெஜிமென்ட்டுக்கு இருந்துச்சு, அதனால பட்டன் தங்கமா வெள்ளியான்னும் சேத்து குறிச்சுக்கோங்க, லிஸ்ட் சட்டுனு சுருங்கிடும்.

இங்கதான் ரொம்ப கவனமா இருக்கணும். வார்னிஷ் பழசாகி மஞ்சளாச்சுன்னா நீலம் பச்சையா தெரியும், வெள்ளி தங்கமா தெரியும். ஒரு படத்துல பச்சை ஃபேசிங்னு நம்பி ரெண்டு நாள் தேடிட்டு இருந்தேன், அப்புறம் ஃப்ரேமைக் கழட்டினப்போ ஃப்ரேமுக்கு அடியில மறைஞ்சிருந்த கைமடிப்பு ஓரத்துல விரல் அகலத்துக்கு நல்ல நீலம் அப்படியே இருந்துச்சு. முடிஞ்சா இருட்டு ரூம்ல யூவி டார்ச் அடிச்சுப் பாருங்க, பழைய வார்னிஷ் பச்சையா ஒளிரும், பின்னாடி யாராவது டச்-அப் பண்ண இடம் கருப்பா திட்டுத்திட்டா தெரியும். பட்டன் மேலயே கருந்திட்டு இருந்தா அந்த பட்டனை நம்பாதீங்க.

மூணாவது தோளும் இடுப்பும். 1768 விதிப்படி காலாட்படை ஆபீசர் செம்பட்டுக் கச்சைய இடுப்புல கட்டணும், அதுக்கு முன்னாடி தோள் வழியா குறுக்கா போட்டாங்க. தோள்ல குஞ்சம் வச்ச எப்பாலெட், அதாவது தோள் அலங்காரப் பட்டை, வலது பக்கம் மட்டும் இருந்தா ரெஜிமென்ட்டோட சாதாரண கம்பெனி (ரெஜிமென்ட்டுக்குள்ள இருக்கிற சின்னப் பிரிவு), ரெண்டு தோள்லயும் இருந்தா கிரெனடியர்ங்கிற பொறுக்கியெடுத்த வீரர்கள் மாதிரி தனிக் கம்பெனி. தலைமுடி பவுடரையும் பாருங்க, 1795-ல அதுக்கு வரி போட்டப்புறம் வழக்கம் வேகமா குறைஞ்சுச்சு.

யூனிஃபார்ம் போட்டவங்க எல்லாரும் முழுநேர சிப்பாய் கிடையாது. 1757 மிலிஷியா (உள்ளூர் பகுதிநேரப் படை) சட்டத்துக்கு அப்புறம் ஊர்ல நிலபுலன் இருந்தவங்களும் ஆபீசராகி கோட்டு தைச்சுக்கிட்டாங்க, அதனால மிலிஷியா ஆபீசர் லிஸ்ட்டையும் தேடுங்க.

கடைசியா படத்தைத் திருப்பிப் பாருங்க. பின்னாடி ஒட்டின சீட்டுல பேர் இருந்தா, கோட்டு சொல்ற வருஷத்துல அந்த ஆளுக்கு என்ன வயசுன்னு கணக்குப் போடுங்க, ஒத்து வந்தா மட்டும் பேரைச் சேருங்க. வரலன்னா "காலாட்படை ஆபீசர், 1768-க்குப் பிறகு"ன்னு எழுதி வைங்க.