வாழ்க்கைக் கதைகள் பகிரும் மாலை: முதன்முறை நடத்துவோருக்கான செய்முறை

படி 1: இடம். பெரிய அரங்கு தேவையில்லை. 30 பேர் வட்டமாக அமரக்கூடிய, வெளியிரைச்சல் எட்டாத அறை போதும். ஒலிபெருக்கி இல்லாமல் எதிர்ப்பக்கம் இருப்பவருக்குக் குரல் கேட்கிறதா என்று முன்பே சோதித்துக்கொள்ளுங்கள்.

படி 2: கதைசொல்லிகள். முதல் மாலைக்கு ஐந்து பேர் போதும். ஆளுக்கு 8 நிமிடம் ஒதுக்கலாம். நியூயார்க்கில் 1997-இல் தொடங்கிய ‘தி மாத்’ என்ற கதைசொல்லல் அமைப்பின் மேடைகளில், கதை உண்மையானதாகவும் சொல்பவர் தாமே வாழ்ந்ததாகவும் இருக்க வேண்டும், தாளைப் பார்த்து வாசிக்கக் கூடாது என்பவை விதிகள். இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மதிப்பெண் வழங்கும் போட்டிகளும் உண்டு. அவற்றைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் மதிப்பெண் என்றதுமே கூச்ச சுபாவம் உள்ளவர்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

படி 3: முன்னுரையாடல். உங்கள் உழைப்பில் பெரும்பங்கு இதற்கே செல்லட்டும். கதைசொல்லி ஒவ்வொருவரையும் ஒரு வாரம் முன்பாகத் தனியே சந்தியுங்கள். “என் வாழ்க்கையே போராட்டம்தான்” என்று ஒருவர் தொடங்கினால், அந்தப் போராட்டத்தில் இன்றும் மறக்காத ஒரு நாளைச் சொல்லச் சொல்லுங்கள். வேலை போன அன்று வீட்டில் யாரிடமும் சொல்லாமல், மறுநாள் காலையும் வழக்கம்போல் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியதை அவர் நினைவுகூர்ந்தால், கதை அங்கேதான் இருக்கிறது. பிறந்த ஊரும் படித்த பள்ளியும் அதற்குத் தேவைப்படும் அளவுக்கு வந்தால் போதும். வாக்கியங்களை நீங்கள் திருத்தித் தராதீர்கள். முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் அவரே முடிவுசெய்து மனதில் பதித்துக்கொள்ளட்டும்.

பேசும்போதே குரல் உடைந்து, தொடர முடியாமல் போகும் அளவுக்குப் புண் ஆறாத நிகழ்வு என்றால், வேறு கதையைத் தேர்ந்தெடுக்க உதவுங்கள். பிறருடைய அந்தரங்கம் கதையில் வெளிப்படுமானால் அவர்களின் சம்மதத்தையும் கேட்கச் சொல்லுங்கள்.

படி 4: அன்றைய மாலை. சரளமாகப் பேசுபவரை முதலிலும், கனமான கதையை நடுவிலும் வையுங்கள். கேட்பவர்கள் குறுக்கே பேசக் கூடாது, கதை முடிந்ததும் அறிவுரை சொல்லக் கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே கனிவாக அறிவித்துவிடுங்கள். “நீங்கள் அப்படிச் செய்திருக்கலாமே” என்ற ஒரு வாக்கியம் போதும், அடுத்தவர் வாய் திறக்கத் தயங்குவார்.

படி 5: ஒலிப்பதிவு. 2003-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஸ்டோரிகார்ப்ஸ்’ என்ற அமைப்பு சாதாரண மக்களின் உரையாடல்களைப் பதிவுசெய்து, அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்தில் சேர்த்துவருகிறது. நீங்களும் பதிவுசெய்யலாம். ஆனால் பதிவை வெளியிடுவதற்கான சம்மதத்தைக் கதை சொல்வதற்கு முன்பு ஒருமுறையும், மறுநாள் பதிவைக் கேட்கக் கொடுத்தபின் மறுபடியும் எழுத்தில் பெறுங்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் அழித்துவிடுங்கள்.