படகின் அடிவடிவம் மாறினால் அதன் பின்னால் எழும் அலை எப்படி மாறும்? பண்ணைக்குட்டையில் ஒரு செய்முறை

வாட்டர் ஸ்கீயிங் (படகு இழுக்க, காலில் சறுக்குப் பலகை மாட்டி நீரில் வழுக்குவது) வீடியோ ஒன்றையும் வேக்போர்டிங் (அதையே ஒற்றைப் பலகையில் நின்று, படகின் அலையில் எம்பிக் குதிப்பது) வீடியோ ஒன்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள். படகுகள் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஸ்கீ படகுக்குப் பின்னால் தண்ணீர் கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடக்கும். வேக்போர்டு படகுக்குப் பின்னால் சரிவுமேடை மாதிரி அலை எழும். மிதவைகளைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் ஸ்லாலம் என்ற ஸ்கீ போட்டியில் ஆண்களுக்கு அதிகபட்சப் படகு வேகம் மணிக்கு 58 கி.மீ. அந்த வேகத்தில் பக்கத்துக்குப் பக்கம் கடப்பவருக்கு அலை ஒரு தடை. வேக்போர்டுக்காரர் 35 கி.மீ. அளவில் போகிறார், எம்பிக் குதிக்க அவருக்கு அலை வேண்டும்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க நிஜப் படகு தேவையில்லை. ஏற்காடு அடிவாரத்தில் ஒரு பண்ணைக்குட்டை, 60 செ.மீ. நீளத்தில் இரண்டு மாதிரிப் படகுகள், ஒரு பேட்டரி டிரில். இவ்வளவு போதும்.

1. மாதிரிகள்

கெட்டியான தெர்மாகோலில் 60 செ.மீ. நீளம், 24 செ.மீ. அகலம். 6 மீட்டர் படகில் இது பத்தில் ஒரு பங்கு. இரண்டுக்கும் முன்மூக்கு ஒரேமாதிரி இருக்கட்டும். பின்பாதியில் மட்டும் மாற்றுங்கள். ஒன்று தட்டை அடி. மற்றது வி வடிவ அடி: நடுக்கோடு ஓரங்களைவிட 3 செ.மீ. தாழ்ந்திருந்தால் சுமார் 14 டிகிரி சாய்வு கிடைக்கும்.

எனாமல் பெயின்டை நேராக அடித்தால் தெர்மாகோல் கரைந்துவிடும். முதலில் ஃபெவிகாலில் நனைத்த செய்தித்தாளை இரண்டு மூன்று அடுக்கு ஒட்டிக் காயவிடுங்கள்.

பின்பக்கத்தின் கீழ்விளிம்பு கூர்மையாக இருந்தே ஆக வேண்டும். பேப்பர் ஒட்டும்போது அது மழுங்கிவிடும். மழுங்கிய விளிம்பைத் தண்ணீர் சுற்றிக்கொண்டு படகின் பின்புறத்தைக் கீழே உறிஞ்சும்; அப்புறம் நீங்கள் பார்ப்பது அடிவடிவத்தின் அலை அல்ல. ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை வெட்டி விளிம்பில் ஒட்டினால் சரியாகிவிடும்.

2. எடை

நீளம் பத்தில் ஒன்று என்றால் எடை ஆயிரத்தில் ஒன்று. 1,500 கிலோ ஸ்கீ படகுக்கு மாதிரியின் மொத்த எடை 1.5 கிலோ. பேலஸ்ட் (கூடுதல் எடைக்காக ஏற்றும் தண்ணீர்) நிரப்பி ஆட்களும் ஏறிய வேக்போர்டு படகுக்கு 3 கிலோ வையுங்கள். மணலைச் சிறு சிறு பைகளில் கட்டி வைத்தால் முன்னும் பின்னும் நகர்த்தலாம்.

3. இழுப்பது

வேகத்துக்கு வேறு கணக்கு. மாதிரிப் படகுகளைத் தொட்டியில் இழுத்து ஆராய்ந்த வில்லியம் ஃப்ரூட் 1870களில் இங்கிலாந்தின் டார்க்கியில் நிறுவிய விதி அது: நிஜப் படகின் வேகத்தை அளவு விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். பத்தின் வர்க்கமூலம் 3.16. வேக்போர்டு வேகத்தைக் கணக்குக்கு வசதியாக மணிக்கு 36 கி.மீ. என்று வைத்தால் அது நொடிக்கு 10 மீட்டர். ஆகவே மாதிரிக்கு நொடிக்கு 3.2 மீட்டர் போதும். வேக்சர்ஃபிங் (கயிற்றை விட்டுவிட்டு படகின் அலையிலேயே சறுக்குவது) வேகமான 17 கி.மீ.க்கு 1.5 மீட்டர்.

கப்பியில் எடையைத் தொங்கவிட்டு இழுப்பதைப் பலர் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. இழுவிசை மாறாது, ஆனால் படகுக்குப் படகு வேகம் மாறிவிடும். அலைகளை ஒப்பிட முடியாது. டிரில்லில் 5 செ.மீ. விட்டமுள்ள உருளையை மாட்டி, படகில் கட்டிய நூலை அதில் சுற்றவிட்டு இழுங்கள். நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் நொடிக்கு 1.57 மீட்டர், 1,200 சுற்று என்றால் 3.14 மீட்டர். சாதாரணத் தூண்டில் நரம்பு ரப்பர் மாதிரி இழுபடும். பின்னிய நூலே நல்லது.

எனக்கு அதிக நேரம் பிடித்தது நூல் கட்டும் இடம்தான். கைக்கு எளிது என்று மூக்கின் உச்சியில் கட்டினால், தண்ணீரின் தடை கீழே, இழுப்பு மேலே என்றாகி மூக்கு குனியும். உருளை உயரத்தில் இருந்தால் அதுவே மூக்கைத் தூக்கிவிடும். இரண்டிலும் படகு நிற்கும் சாய்வு மாறி, அலையும் மாறும். நிஜப் படகில் புரொப்பெல்லர் தள்ளுவது அடியில்தானே? அதனால் கொக்கியை அடிப்பகுதியில், எடைமையத்துக்குச் சற்று முன்னால், நீர்மட்டத்தை ஒட்டி வையுங்கள். உருளையும் நீர்மட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். எதிர்க்கரையில் பழைய டியூப் ஒன்றைப் போட்டால் மாதிரி மோதி உடையாது.

தார்ப்பாய் விரித்த குட்டைச் சரிவு பயங்கரமாக வழுக்கும். விழுந்தால் ஏறுவது கடினம். தனியாகப் போகாதீர்கள். குழந்தைகளைக் கரையில் விடாதீர்கள். ஒரு கயிற்றை மரத்தில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டிருங்கள்.

4. பார்ப்பது

காற்று எழும்புமுன் விடிகாலையில் செய்யுங்கள். நீரில் ஒரு அளவுகோலை நட்டு, போனில் ஸ்லோமோஷனில் எடுங்கள்.

1.5 கிலோவில் தட்டை அடி சீக்கிரமே நீர்மேல் ஏறி வழுக்கத் தொடங்கும், அலை தாழ்ந்துவிடும். அதே எடையில் வி அடி ஆழமாக உட்கார்ந்து அதிகத் தண்ணீரைத் தள்ளும். இப்போது தட்டை அடியிலேயே 3 கிலோவைப் பின்பக்கம் வைத்து இழுங்கள். அலை எழும்பும் பாருங்கள்! வடிவத்தைப் பற்றியே பேசுகிறோம்; ஆனால் அலையின் உயரத்தை முதலில் தீர்மானிப்பது எடையும் அது இருக்கும் இடமும்தான். எந்த வேகத்தில் படகு மேலே ஏறும், அலையின் முகம் எவ்வளவு சுத்தமாக இருக்கும் என்பதில் வடிவம் பேசுகிறது.

பைகளைச் சற்று முன்னால் தள்ளினால் அலை நீண்டு சாய்வு குறையும். ஒரு பக்கமாக வைத்தால் அந்தப் பக்க அலை பெரிதாகும். வேக்சர்ஃபிங்குக்குச் செய்வது இதுதான்.

பின்சேர்க்கை

ஆத்தூர் வாசகர் ஒருவர் 30 செ.மீ. ஆழமுள்ள மாட்டுத்தொட்டியில் இழுத்தபோது படகுக்கு முன்னாலேயே குறுக்கு அலை திரண்டதாக எழுதியிருந்தார். அந்த ஆழத்தில் அலை நொடிக்கு 1.7 மீட்டருக்கு மேல் ஓட முடியாது. படகு அதை நெருங்கியதும் அலை விலகிப் போக வழியில்லாமல் குவிகிறது. 1.5 மீட்டர் வேகத்துக்குக் குறைந்தது அரை மீட்டர் ஆழமும், 3 மீட்டர் வேகத்துக்கு 2 மீட்டர் ஆழமும் வேண்டும். அதற்காக மாதிரியை 15, 20 செ.மீ.க்குச் சுருக்காதீர்கள், நீரின் பரப்பு இழுவிசையின் பாதிப்பு கூடி அலையின் வடிவம் மாறிவிடும். யாருடைய குட்டையையாவது ஒரு காலைப்பொழுதுக்குக் கேட்டு வாங்குவதே மேல்.