பள்ளிக்கூடக் கண்காட்சியில் வளையல் விற்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

தீபாவளி நெருங்கினால் கோபி, பெருந்துறைப் பக்கம் பள்ளிக்கூடத்துக்குள் மேசை போட்டுக் கைவேலைப் பொருள் விற்பதுண்டு. வெறும் வளையலில் பட்டுநூல் சுற்றி, அலங்காரக் கல் ஒட்டிய பட்டுநூல் வளையல் மேசை கட்டாயம் இருக்கும். புதிதாக வருகிற பெண்கள் சறுக்கும் இடம் மட்டும் மாறுவதே இல்லை. சில்லறை மாற்றி வையுங்கள், விலைச் சீட்டு ஒட்டுங்கள் என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வளையல் அளவைத் தசமமாகப் படிப்பது

எத்தனை பேருக்குச் சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பதால் எரிச்சலாக வருகிறது. வளையல் கணக்கில் 2.4 என்றால் இரண்டே கால் இஞ்ச். புள்ளிக்குப் பின்னால் வருவது பதினாறில் எத்தனை பங்கு என்பது. 4 என்றால் 4/16. ஸ்கேலை வைத்து 2.4 இஞ்ச் அளந்தால் 61 மில்லிமீட்டர் வரும். அது 2.6 வளையலையே தாண்டிவிட்டது. உண்மையான 2.4-ன் உள்விட்டம் 57 மில்லிமீட்டர்தான்.

பிள்ளைகள் அளவில் குழப்பம் இன்னும் கூடுதல். 1.8, 1.10, 1.12, 1.14, பிறகு 2.0 என்று போகும். 1.8-ஐவிட 1.12 பெரியது. கணக்கு டீச்சரே ஒரு நிமிஷம் முழிப்பார்.

போன தீபாவளிக்குப் பக்கத்து மேசைப் பெண் யூ.கே.ஜி. பிள்ளைகள் ஆட்டத்துக்கு வளையல் ஆர்டர் பிடித்திருந்தாள். கொண்டுவந்து கொடுத்த அன்று முகம் செத்துப்போய் நின்றாள்.

"ஒண்ணுகூடக் கையில ஏற மாட்டீங்குதுங்க அக்கா. மாதிரி வளையலை அளந்துதான வாங்கினேன். ஒண்ணே முக்கால் இஞ்ச். 1.75 வருது, அதனால கடையில 1.8 குடுங்கன்னு கேட்டேனுங்க."

"1.8-ன்னா ஒன்றரை இஞ்ச் அம்மிணி. நீ கேட்டிருக்க வேண்டியது 1.12."

நூல் சுற்றிப் பசை காய்ந்த வளையலைப் பெரிதாக்க வழியில்லை. உரித்தால் நூலும் வீண், கல்லும் வீண். கடைக்காரர் வெறும் வளையலைத்தான் மாற்றித் தருவார். நூல் சுற்றியதைத் தொடக்கூட மாட்டார். ஆட்டத்துக்குப் பிள்ளைகள் வெறுங்கையோடு மேடை ஏறினார்கள், டீச்சர் பேசியதை இங்கே எழுத முடியாது.

ஆகவே மில்லிமீட்டரில் அளந்து கொள்ளுங்கள்: 1.12 என்றால் 44, 1.14 என்றால் 48, 2.0 என்றால் 51, 2.2 என்றால் 54. அளப்பது உள்பக்கத்தை. உள்ளேயும் நூல் சுற்றுவதால் உள்ளளவு கொஞ்சம் குறையும், அதையும் கணக்கில் வையுங்கள். வயசைக் கேட்டு அளவு சொல்வது என்னிடம் எடுபடாது. ஒரே வகுப்பில் ஒல்லிக் கையும் உண்டு, கொழுகொழுக் கையும் உண்டு. ஆர்டர் என்றால் பிள்ளைக்குச் சரியாக இருக்கிற பழைய வளையல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். மேசையில் ஒவ்வொரு அளவிலும் நூல் சுற்றாத வளையல் ஒன்று கிடக்கட்டும், போட்டுப் பார்க்க.

எல்லாமே 2.6

அது அம்மாக்கள் அளவு. வாங்கச் சொல்லி அடம்பிடிப்பது யார் என்று யோசியுங்கள்.

ஐப்பசி ஈரம்

மழை நாளில் பசை சீக்கிரம் காயாது. முந்தின ராத்திரி கல் ஒட்டியதைக் காலையில் டப்பாவில் அடைத்தால், திறக்கும்போது கல் பக்கத்து வளையலில் இருக்கும். இரண்டு நாள் காற்றாட விடுங்கள்.

பிளாஸ்டிக் பை

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. பள்ளிக்கூடத்துக்குள் அதை நீட்டினால் பிள்ளைகளே திட்டும். காகித உறை போதும்.

முன்பணம் இல்லாத ஆர்டர்

எழுதிக்கொள்ளவே வேண்டாம்.

பிள்ளை அழுததும் விலை குறைப்பது

பொறுங்கள். பின்னாலேயே அப்பிச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற தாத்தா, வருவார், பேரம் பேசாமல் வாங்கிக் கொடுப்பார்.