பாலைவன ஆற்றங்கரையில் கேம்பர் வேன்: இருவராகப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலைவனத்துக்குக் கேம்பர் வேனில், அதாவது உள்ளேயே படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள வண்டியில், போகிறோம் என்றதும் எல்லாருக்கும் முதலில் வருவது தண்ணீர்ப் பயம்தான். அந்தப் பயம் இருக்கும்வரை யாரும் பெரிய தவறு செய்வதில்லை. ஆறு கண்ணில் பட்ட பிறகுதான் கவனம் தளர்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் ஊரிலிருந்து கொலராடோ ஆற்றை ஒட்டியே வளைந்து போகும் 128-ஆம் எண் சாலையில் நானும் என் கணவரும் மூன்று முறை தங்கியிருக்கிறோம். நாங்கள் செய்த பிழைகளையும் பக்கத்து வண்டிக்காரர்கள் செய்ததையும் யோசித்துப் பார்த்தால், பாதிக்கு மேல் "பக்கத்திலேயே ஆறு இருக்கிறதே" என்ற தெம்பில் நடந்தவை.

குடிநீரில்தான் அது தொடங்குகிறது. அந்தச் சாலையில் கூஸ் ஐலண்ட், பிக் பெண்ட், ஹிட்டில் பாட்டம் என்று வரிசையாக முகாம்கள் இருக்கின்றன. மேசை இருக்கும், நெருப்பு மூட்ட ஒரு இரும்பு வளையம் இருக்கும், குழிக் கழிப்பறை இருக்கும். குழாய் இருக்காது. தேவைப்பட்டால் ஆற்று நீரை வடிகட்டிக்கொள்ளலாம் என்று முதல் முறை ஒரு சின்ன வடிகட்டியை நம்பிப் போனோம். இரண்டு லிட்டர்கூட இறங்கவில்லை, கைப்பம்பு கல்லாக இறுகிவிட்டது. அன்று இரவு ஒரு பக்கெட் நீரை மொண்டு அசையாமல் வைத்தோம். காலையில் பார்த்தால் அடியில் ஒரு விரற்கடைக்குச் செம்பழுப்பு வண்டல், குழைத்த சந்தனம் மாதிரி வழவழவென்று. அதைத் தெளியவிடாமல் வடிகட்டியில் விட்டால் எந்த வடிகட்டியும் தாங்காது. குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்பது அங்குள்ள தேசியப் பூங்காக்கள் சொல்லும் குறைந்தபட்சக் கணக்கு. இருவருக்கு மூன்று நாள் என்றால் 24 லிட்டர். சமையல், பாத்திரம், கை கழுவுதல் எல்லாம் அதற்கு மேல். ஊரிலேயே வண்டியின் தண்ணீர் டேங்கை நிரப்பிக்கொண்டு, குடிநீரைத் தனிக் கேன்களில் வையுங்கள். டேங்கில் ஒரு குழாய் கசிந்தாலும் கேன் காப்பாற்றும்.

இதைவிடப் பெரிய தவறு வண்டியை எங்கே நிறுத்துவது என்பதில் நடக்கிறது. ஆற்றுக்கு வந்து சேரும் வறண்ட ஓடைகள் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்: சமமான மணல், இருபுறமும் செங்குத்துப் பாறை, நிழல். அங்கே ஒருபோதும் இரவு தங்காதீர்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை அந்தப் பகுதிக்குப் பருவமழைக் காலம். மழை உங்கள் தலைக்கு மேல் பெய்ய வேண்டியதில்லை. தூரத்து லா சால் மலையில் இடித்துப் பெய்தால் போதும். பாறையும் இறுகிய மண்ணும் நீரை உறிஞ்சாது, பெய்தது அத்தனையும் ஓடைகளில்தான் இறங்கும். உங்கள் மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சேற்று நீர் கட்டைகளை உருட்டிக்கொண்டு வந்துவிடும். ஓடும் நீர் 30 சென்டிமீட்டர் இருந்தால் சின்னக் காரை இழுத்துவிடும், 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளைத் தூக்கிவிடும். நிறுத்துவதற்கு முன் சுற்றியுள்ள புதர்களைப் பாருங்கள். உங்கள் இடுப்பு உயரத்தில் காய்ந்த சருகும் குச்சியும் சிக்கியிருந்தால் முந்தைய வெள்ளம் வந்த உயரம் அதுதான்.

ஆற்றில் இறங்குவதும் அப்படித்தான். மே கடைசியிலும் ஜூனிலும் மலைப்பனி உருகி ஆறு நிரம்பி ஓடும். கரையில் 35 டிகிரி வெயில், தண்ணீரோ உறையவைக்கும் குளிர். கலங்கிய நீரில் ஆழம் தெரியாது, மணல் திட்டு ஓரடியில் முடிந்து அடுத்த அடியில் கால் எட்டாமல் போகும். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம்.

இடம் பிடிப்பதிலும் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அந்த ஆற்றோர முகாம்களில் முதலில் வருபவருக்கே இடம். வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் வெள்ளிக்கிழமை மாலை போய்ச் சேர்ந்தால் ஒவ்வொரு முகாமாக நுழைந்து வெளியே வர வேண்டியதுதான். சாலையோரம் ஒதுங்கிப் படுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அந்த ஆற்றோரத்தில் ஒதுக்கப்பட்ட இடங்களில் மட்டுமே தங்க அனுமதி. வியாழன் காலையிலேயே போய்விட்டால் நிழலுள்ள இடத்தைத் தேர்ந்தெடுக்கவே முடியும்.

வழி விஷயத்தில் மேப்பை மட்டும் நம்பக் கூடாது. கிரீன் ரிவர் ஊரிலிருந்து மேற்கே சலைனா வரை ஐ-70 நெடுஞ்சாலையில் சுமார் 170 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் பங்க் கிடையாது. கிரீன் ரிவரில் முக்கால் டேங்க் இருந்தாலும் நிரப்பிக்கொண்டே புறப்படுங்கள். தெற்கே மெக்சிகன் ஹாட் ஊர்ப் பக்கம் போனால் மோக்கி டக்வே என்ற மலைப்பாதையை மேப் குறுக்குவழியாகக் காட்டும். சுமார் 5 கிலோமீட்டர் சரளைக்கல் பாதை, கொண்டை ஊசி வளைவுகள், 11 சதவீதச் சரிவு. 28 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டிகள் அதில் போக வேண்டாம் என்பது அறிவுரை. வாடகை வண்டியாக இருந்தால் நீளம் குறைவு என்றாலும் ஒப்பந்தத்தைப் படியுங்கள். தார் போடாத சாலையில் காப்பீடு செல்லாது என்று பலவற்றில் எழுதியிருப்பார்கள். பாதி வழியில் சிக்னல் இருக்காது, வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டயரில் காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன்பு பாருங்கள். மதியம் சூடான டயரில் அழுத்தம் கூடிக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் பிறகு குறைந்த அழுத்தத்தில் ஓடி டயர் இன்னும் சூடாகும், வெடிக்கவும் கூடும்.

இனி இருவராகப் போவதற்கே உரிய தவறுகள். எல்லா வேலையும் ஒருவர் கையிலேயே இருப்பதுதான் அதில் முதன்மையானது. முதல் பயணத்தில் வண்டி ஓட்டுவது, கேஸ், ஜாக்கி எல்லாம் இவர், சமையல் மட்டும் நான். இரண்டாம் நாள் மதியம் இவருக்குத் தலைவலி வந்தது. "ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் படுத்தா சரியாயிடும்" என்றார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, முகம் வெளுத்திருந்தது. காலையிலிருந்து அவர் பாட்டில் பாதிகூடக் குறையவில்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். நிழலில் படுக்கவைத்து, துண்டை நனைத்துப் போட்டு விசிறி, உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்ததில் ஒரு மணி நேரத்தில் தெளிந்தார். பேச்சு குழறியிருந்தால் உடனே அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்திருக்க வேண்டும். அங்கே சிக்னல் இல்லை, அந்த வண்டியை எனக்கு ஓட்டத் தெரியாது, வாடகை ஒப்பந்தத்தில் என் பெயரும் இல்லை. இன்றைக்கும் நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. இருவர் பெயரையும் ஓட்டுநராகப் பதியுங்கள். இருவரும் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். கேஸை எங்கே மூடுவது என்பது இருவருக்கும் தெரிந்திருக்கட்டும். தாகமில்லை என்று சொல்பவரின் பாட்டிலை மற்றவர் பார்க்க வேண்டும்.

வண்டியைப் பின்னால் எடுக்கும்போது வரும் சண்டைக்கும் வழி இருக்கிறது. கத்துவது இன்ஜின் சத்தத்தில் கேட்காது. "வா", "நில்", "இடது", "வலது" நான்குக்கும் கைச்சைகையைப் புறப்படும் முன்பே பேசி வையுங்கள். கண்ணாடியில் ஆள் தெரியாவிட்டால் உடனே பிரேக். ஆற்றங்கரை மண் விளிம்பில் இது உயிர் விஷயம்.

மார்ச், ஏப்ரல் இரவுகளில் குளிர் பூஜ்ஜியத்தைத் தொடும். கதகதப்புக்காகக் கேஸ் அடுப்பை எரியவிட்டுத் தூங்காதீர்கள். அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும் வாயு, மணமில்லாதது. அதைக் கண்டு ஒலிக்கும் அலாரம் வேலை செய்கிறதா என்று புறப்படும் முன்பே பொத்தானை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

வண்டியின் பக்கவாட்டில் நிழலுக்காக விரிக்கும் ஆனிங் என்ற துணிப் பந்தலை விரித்தபடியே விட்டுவிட்டு ஆற்றோரம் நடக்கப் போகாதீர்கள். பள்ளத்தாக்கில் காற்று சொல்லாமல் எழும். மூன்றாம் பயணத்தில் பக்கத்து வண்டியின் ஆனிங் ஒரே வீச்சில் மடங்கிக் கூரைக்கு மேல் போய் விழுந்தது. அதன் சொந்தக்காரர்கள் இருவரும் ஆற்றைப் பார்த்தபடி ஐம்பதடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.